கிரேடு 2 என்றால் இரண்டாம் நிலையா? புற்றுநோய் பற்றிய தகவலை எங்கே தேடுவது

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பில் கட்டி இருந்ததால் பயாப்சி எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2’ என்றும் ‘ஹெர்2: 2+’ என்றும் இருக்கிறது. மருத்துவர் பேசியதில் பாதி என் காதிலேயே ஏறவில்லை. இன்னொரு சோதனையின் முடிவு வரட்டும், பிறகு சிகிச்சையை முடிவு செய்யலாம் என்றார். அது என்ன சோதனை என்று கேட்கவும் தோன்றவில்லை. அன்றிலிருந்து ராத்திரி முழுக்க இணையத்தில்தான் இருக்கிறேன். இரண்டாம் நிலைப் புற்றுநோய்க்கு ஐந்து வருடத்தில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று தேடினால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் எண். வெளியூரில் இருக்கும் தம்பி தினமும் கட்டுரைகளாக அனுப்புகிறான். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் கீமோ வேண்டாம், ‘வைட்டமின் பி17’ போதும் என்கிறார்கள். யாரை நம்புவது, எதைப் படிப்பது? அம்மாவிடம் எவ்வளவு சொல்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தை முதலில் திருத்திவிடுகிறேன். அது சரியானால் இத்தனை இரவுகள் படித்ததில் பெரும்பகுதியை நீங்கள் ஒதுக்கி வைத்துவிடலாம். அம்மாவின் ரிப்போர்ட்டில் இருப்பது கிரேடு 2. நீங்கள் தேடியது இரண்டாம் நிலை, அதாவது ஸ்டேஜ் 2. இரண்டும் வேறு வேறு. நுண்ணோக்கியில் செல்கள் எப்படித் தெரிகின்றன என்பதுதான் கிரேடு. மார்பகப் புற்றுநோயில் மூன்று விஷயங்களுக்குத் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள்: செல்கள் இயல்பான குழாய் அமைப்பை எவ்வளவு தக்கவைத்திருக்கின்றன, உட்கருக்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. மொத்தம் 3 முதல் 5 வரை வந்தால் கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பவற்றை வைத்துச் சொல்வது. ஊசி பயாப்சியில் வந்த சிறு துணுக்கை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆகவே அம்மாவின் ஸ்டேஜ் என்ன என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்துப் பயந்த எண்கள் அவருடையவை என்று எடுத்துக்கொள்ளவும் ஆதாரம் இல்லை.

இதே சொல் இன்னோர் இடத்திலும் காலைவாரும். மருந்துகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ‘கிரேடு 3 வயிற்றுப்போக்கு’ என்று வந்தால் அது பக்கவிளைவின் கடுமையைக் குறிப்பது. அந்த அளவுகோல் 1 முதல் 5 வரை போகும். கட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்தது ‘ஹெர்2: 2+’. ஹெர்2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருந்து அதை வளரத் தூண்டும் ஒரு புரதம். அது எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் இந்தச் சோதனை பார்க்கிறது. கூட்டல் குறியைப் பார்த்ததும் ஹெர்2 பாசிட்டிவ் என்று நினைத்து அதற்கான பக்கங்களைப் படிப்பது மிகவும் சாதாரணமாக நடப்பது. இந்தச் சோதனையில் 0, 1+ இரண்டும் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ என்பது இரண்டுமில்லாத நடுநிலை. இன்னும் தீர்மானிக்க முடியவில்லை என்று பொருள். அதைத் தீர்மானிக்க அதே பயாப்சித் துணுக்கில் ஹெர்2 மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஃபிஷ் என்று அந்தச் சோதனையைச் சொல்வார்கள். மருத்துவர் காத்திருக்கச் சொன்னது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும். போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அது பாசிட்டிவ் என்று வந்தால், ஹெர்2-ஐக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் போன்ற மருந்து சிகிச்சையில் சேரும். ஆரம்ப நிலைப் புற்றுநோய்க்கு வழக்கமாக மொத்தம் ஒரு வருடம் தருவார்கள். நெகட்டிவ் என்று வந்தால் வழி வேறு. அதே ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் என்று இரண்டு வரிகள் இருக்கும். அவை ஈஸ்ட்ரோஜன், ப்ரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள். அவை பாசிட்டிவாக இருந்தால் ஐந்து முதல் பத்து வருடம் வரை அந்த ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கும் மாத்திரை என்பது திட்டத்தின் முக்கியப் பகுதியாகிவிடும். ஒரே ஒரு சோதனை முடிவை வைத்து நீங்கள் படிக்க வேண்டிய பக்கங்களே மாறிவிடும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஆகவே தகவல் தேடுவது கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலிருந்து தொடங்கட்டும். பேத்தாலஜி ரிப்போர்ட்டின், அதாவது பயாப்சித் துணுக்கைச் சோதித்த அறிக்கையின், முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்; ‘சுருக்கம்’ போதாது. அதில் புற்றுநோயின் வகை, கிரேடு, ஈஆர், பிஆர், ஹெர்2, கேஐ-67 (செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டுவது) ஆகிய வரிகளை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் முடிவுகள் வந்ததும் கட்டியின் அளவு, நிணநீர்க் கணு, பரவல் ஆகிய மூன்றையும் அதற்குக் கீழே சேருங்கள். இந்த ஒரு தாள் கையில் இல்லாமல் ‘மார்பகப் புற்றுநோய் சிகிச்சை’ என்று தேடினால் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாத நூறு பக்கங்கள் வந்து விழும். அவற்றில் எழுதியிருப்பது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் உங்களுக்கு அவை தவறான தகவல்தான்.

ஒரே தேதி வரிசையில் ஒரு கோப்பும் தொடங்கிவிடுங்கள்: பயாப்சி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், பிறகு அறுவைக் குறிப்பு, ஒவ்வொரு கீமோ நாளின் மருந்துச் சீட்டு. ஸ்கேன்களின் படங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எழுத்து அறிக்கை மட்டும் போதாது. இரண்டாவது மருத்துவரின் கருத்துக் கேட்க நினைத்தால் இந்தக் கோப்புதான் முதலில் தேவைப்படும். பயாப்சி ஸ்லைடுகளையும், துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டையும் ஆய்வகம் பத்திரப்படுத்தியிருக்கும். இன்னொரு நோயியல் மருத்துவர் அவற்றை மறுபடி பார்க்கலாம். புதிதாக ஊசி குத்தத் தேவையில்லாமல் போகலாம். இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்பதுதான் நல்லது.

மருத்துவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். மருத்துவர்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் பதிவானது. ‘புற்றுநோய்’ என்ற சொல் காதில் விழுந்த பிறகு மற்றவை பதியாது. அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய ஒரு தேசிய அளவிலான கணக்கெடுப்பில், புற்றுநோய் பற்றிய தகவலுக்கு முதலில் யாரிடம் போக விரும்புவீர்கள் என்று கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் மருத்துவரைச் சொன்னார்கள். உண்மையில் முதலில் எங்கே போனீர்கள் என்று கேட்டபோது 48.6 சதவீதம் பேர் இணையம் என்றார்கள். மருத்துவரிடம் போனவர்கள் 10.9 சதவீதம்தான். 2005-இல் வெளியான முடிவு இது. இன்று அந்த இடைவெளி குறைந்திருக்க வாய்ப்பில்லை. நம்பிக்கை ஒருவரிடம், கேள்வி வேறிடத்தில் என்றால் குழப்பம்தான் மிஞ்சும். மருத்துவரோடு கிடைக்கும் அந்தச் சிறிது நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தினால், இணையத்தில் தேட வேண்டியதே பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்த முறை போகும்போது இப்படிச் செய்து பாருங்கள். நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். முக்கியமானதை மேலே எழுதுங்கள். உட்கார்ந்ததும் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசி நிமிடம் வரை வைத்திருந்தால் அவர் எழுந்துகொண்டே பதில் சொல்வார். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். இருவராகப் போனால் ஒருவர் பேச, மற்றவர் எழுதட்டும். முடிவில், “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்” என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேள்விகளின் அமைப்பும் முக்கியம். “குணமாகுமா டாக்டர்?” என்று கேட்டால் ஆறுதல்தான் கிடைக்கும். “இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுக்குள் வைப்பதா?” என்று கேட்டால் தகவல் கிடைக்கும். “அம்மாவின் ஸ்டேஜ் என்ன, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்பது இரண்டாவது. “கீமோ முதலிலா, அறுவை முதலிலா, அந்த வரிசைக்குக் காரணம் என்ன?” என்பது மூன்றாவது. நான்காவதை அநேகர் கேட்பதே இல்லை: “அம்மா மாதிரி நூறு பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், அது இல்லாதபோது இருப்பதைவிட எத்தனை பேருக்குக் கூடுதலாகப் பலன்?” மறுபடி நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்பதிலிருந்து ஏழாகக் குறைந்தால் அதை ‘30 சதவீதம் குறைகிறது’ என்றும் சொல்லலாம், ‘நூறு பேரில் மூன்று பேருக்குப் பலன்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் முடிவெடுக்க உதவுவது இரண்டாவது.

எல்லாக் கேள்விகளையும் மருத்துவருக்கே சேர்த்து வைக்காதீர்கள். வாய்ப்புண், வாந்தி, தூக்கமின்மை, கை கால் மரத்துப்போவது, கீமோ ஏற்றும் நாள் எப்படிப் போகும் என்பதையெல்லாம் புற்றுநோய்ப் பிரிவின் செவிலியர்கள் மருத்துவரைவிட விரிவாகச் சொல்வார்கள். தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அம்மா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், சத்து மாத்திரைகள், மூலிகைப் பொடிகள் எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துப்போய் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். இயற்கையானது என்பதால் மருந்தோடு மோதாது என்று நினைக்க வேண்டாம். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகான், இமாடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் சாறு சில மருந்துகளின் அளவைக் கூட்டிவிடும். இந்த வகைச் சந்தேகங்களுக்கு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் மூலிகைகளுக்கென்றே ஓர் இலவசத் தகவல் தளம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் மனிதர்களிடம் சோதித்தார்களா, எந்த மருந்தோடு சேரக்கூடாது என்று தனித்தனியாக இருக்கும். பார்த்துவிட்டு, அதையும் மருந்தாளுநரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சில விஷயங்களை எங்கேயும் தேடவே கூடாது. கீமோ தொடங்கிய பிறகு காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் எந்தப் பக்கத்தையும் திறக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். பல கீமோ மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது சாதாரணக் கிருமிகூட சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். வெப்பநிலையை அளந்து, மருத்துவமனையில் பேசுவதற்கு முன்னால் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கிவிடும், தொற்று உள்ளே இருக்கும், பார்ப்பவருக்கு அடையாளமே தெரியாது. நள்ளிரவிலும் யார் போனை எடுப்பார்கள் என்று முதல் கீமோவுக்கு முன்பே கேட்டு, அந்த எண்ணை வீட்டில் உள்ள எல்லோருடைய கைப்பேசியிலும் போட்டுவிடுங்கள். மூச்சுத்திணறல், நிற்காத ரத்தக்கசிவு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி ஆகியவற்றுக்கும் இதுவே வழி.

இனி படிப்பதற்கான இடங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பிடிக்யூ தொகுப்புகளைத்தான் முதலில் சொல்வேன். ஒவ்வொரு புற்றுநோய்க்கும் நோயாளிகளுக்கு ஒன்று, மருத்துவர்களுக்கு ஒன்று என இரண்டு வடிவம் இருக்கும். முதலில் நோயாளிகளுக்கானதைப் படியுங்கள். ஒரு விஷயத்தில் இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் மட்டும் மற்றதைத் திறங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதி அதிலேயே இருக்கும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகே, மக்மில்லன் ஆகியவற்றின் பக்கங்கள் எளிய நடையில் இருக்கும். பராமரிப்பவர்களுக்கான நடைமுறை விஷயங்கள் மக்மில்லனில் நன்றாக இருக்கின்றன. அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன், மருத்துவர்களுக்காக எழுதும் சிகிச்சை நெறிமுறைகளையே நோயாளிகளுக்கு என்று எளிமையாக்கி இலவசமாகத் தருகிறது. மருத்துவர் ஏன் அடுத்து இதைச் சொன்னார் என்று விளங்கிக்கொள்ள அது நல்லது. மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளின் பட்டியலும் அதில் உண்டு. இவை போதும். இருபது தளங்களைப் புரட்டுவதைவிட இரண்டை முழுதாகப் படிப்பது மேல். ஆங்கிலம் சிரமம் என்றால் தம்பியை உட்காரவைத்து, அம்மாவின் தாளில் உள்ள வரிகளுக்கான பகுதியை மட்டும் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் கட்டுரை அனுப்புவதைவிட உருப்படியான வேலை அது.

எந்தப் பக்கத்திலும் தேதியைப் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள். புற்றுநோயில் நான்கைந்து வருடம் என்பது நீண்ட காலம். ஹெர்2-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாகப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற இரண்டே பிரிவுதான். 2022-இல் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்துக்கு, பரவிய நிலையில் ஹெர்2 குறைவாக உள்ளவர்களுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 1+ உள்ளவர்களும், 2+ என்று வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களும் அந்தப் புதிய பிரிவில் வருவார்கள். அதற்கு முந்தைய பக்கங்களில் இந்தப் பிரிவே இருக்காது.

ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் எண் வந்ததற்கும் இதோடு தொடர்பு உண்டு. ஐந்து வருடக் கணக்கு என்றால், ஐந்து வருடத்துக்கு முன்பாவது நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களை வைத்துத்தான் அதைக் கணக்கிட முடியும். அவர்களில் பலர் இன்றைய மருந்துகளைப் பெற்றிருக்க மாட்டார்கள். அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து வரும் எண்களில் ஸ்டேஜ் 1, 2, 3, 4 என்ற பிரிவே இருக்காது. மார்பகத்துக்குள், அருகிலுள்ள கணுக்கள் வரை, தூர உறுப்புகள் வரை என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். போதாக்குறைக்கு, 2018-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டேஜ் முறையில் மார்பகப் புற்றுநோய்க்குக் கிரேடு, ஈஆர், பிஆர், ஹெர்2 ஆகியவையும் சேர்ந்துவிட்டன. கட்டியின் அளவும் கணுக்களும் மாறாமலே இருந்தாலும், பழைய முறையில் ஒரு ஸ்டேஜ், புதிய முறையில் வேறு ஸ்டேஜ் என்று வரலாம். எண் தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், எல்லா முடிவுகளும் வந்த பிறகு மருத்துவரிடம் கேளுங்கள். அவரால் உங்கள் அம்மாவின் வயது, உடல்நிலை, கட்டியின் தன்மை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல முடியும். அதுவரை அந்தத் தேடலை நிறுத்தி வையுங்கள் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் வந்த ‘வைட்டமின் பி17’ பற்றி நேராகவே சொல்கிறேன்: கொடுக்காதீர்கள். அது வைட்டமின் அல்ல. ஆப்ரிகாட் பருப்பில் உள்ள அமிக்டலின் என்ற பொருள், அதிலிருந்து செய்யப்படும் லேட்ரைல் ஆகியவற்றுக்கு வியாபாரத்துக்காக வைத்த பெயர் அது. உடலுக்குள் போனால் அதிலிருந்து சயனைடு வெளிவரும். வாய்வழியாகச் சாப்பிடும்போது ஆபத்து அதிகம், கூடவே வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் இன்னும் அதிகம். புற்றுநோயாளிகள் 178 பேருக்கு இதைக் கொடுத்துச் செய்த அமெரிக்க ஆய்வு 1982-இல் வெளியானது. நோய் கட்டுப்படவில்லை, சிலருடைய ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. கீமோவுக்குப் பதிலாக வேறு வழி என்று யார் சொன்னாலும் இன்னொரு ஆய்வையும் மனதில் வையுங்கள்: குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்தவர்கள் இறக்கும் ஆபத்து, சிகிச்சை எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்காக இருந்தது. 2018-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயரில் வரும் ஆய்விதழில் வெளியானது அது.

ஆனால் அனுப்பியவர்களோடு சண்டை போட வேண்டாம். கவலையில்தான் அனுப்புகிறார்கள். சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்பட்ட 200 புற்றுநோய்க் கட்டுரைகளை அந்தந்தத் துறை நிபுணர்கள் படித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. 32.5 சதவீதத்தில் தவறான தகவல் இருந்தது. அப்படித் தவறானவற்றில் நான்கில் மூன்றுக்கு மேல் நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியவை. படித்தவர்களும் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் செய்திகளில் ஓர் உண்மைத் துணுக்கு இருக்கும்: ஆய்வகக் கிண்ணத்தில் புற்றுநோய்ச் செல்களை இந்தப் பொருள் கொன்றது என்று. கிண்ணத்தில் செல்களைக் கொல்லும் பொருட்கள் ஏராளம். மனித உடலில் எவ்வளவு கொடுத்தால் அங்கே போய்ச் சேரும், நல்ல செல்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. எந்தச் செய்தி வந்தாலும் கேளுங்கள்: மனிதர்களிடம் சோதித்தார்களா? எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டார்கள்? ‘இதைச் சாப்பிட்டு எனக்குக் குணமானது’ என்பவர் அறுவையும் கீமோவும் எடுத்தாரா என்பதையும் விசாரியுங்கள். பல நேரம் எடுத்திருப்பார். குழுவுக்கு ஒரே பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “அனுப்பியதற்கு நன்றி, அம்மாவின் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.” அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

இதே நோய் உள்ளவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் வேறு வகை. முடி கொட்டும்போது என்ன செய்தார்கள், வாய்ப்புண்ணை எப்படிச் சமாளித்தார்கள், அறுவைக்குப் பிறகு எந்த உடை வசதி என்பதில் அவர்களுக்குத் தெரிவது மருத்துவருக்குத் தெரியாது. தாராளமாகச் சேருங்கள். ஆனால் அங்கே ஒருவருடைய நோய் மறுபடி வந்ததென்றால் அம்மாவுக்கும் வரும் என்று நினைத்து உடைந்துபோகாதீர்கள். நலமாகி வேலைக்குத் திரும்பிய பலர் எழுதுவதையே நிறுத்தியிருப்பார்கள். மருந்தின் அளவு, சோதனை முடிவின் பொருள், சிகிச்சையை நிறுத்தலாமா என்ற மூன்றையும் அங்கே கேட்கவே வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிலும் இப்போது பலர் கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில் உள்ள ஒரு சொல்லை எளிமையாக விளக்கச் சொல்லலாம். மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தயார் செய்யச் சொல்லலாம். எந்தச் சிகிச்சை சரி என்று கேட்காதீர்கள். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், சாட்ஜிபிடியின் அன்றைய வடிவம் தந்த சிகிச்சைப் பரிந்துரைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் என்சிசிஎன் நெறிமுறைக்குப் பொருந்தாத ஒன்றாவது கலந்திருந்தது. சரியானதும் தவறானதும் ஒரே தன்னம்பிக்கையான குரலில் வரும் என்பதால் பிரித்துப் பார்ப்பது துறைக்கு வெளியே உள்ளவருக்குக் கடினம். அது சுட்டும் ஆய்வுக் கட்டுரை இல்லாத கட்டுரையாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டைப் பதிவேற்றினால் அம்மாவின் பெயர், மருத்துவமனை எண், பிறந்த தேதி ஆகியவற்றை மறைத்துவிடுங்கள்.

மருந்து ஆய்வுகளில் சேரலாமா என்று தம்பி கேட்கக்கூடும். அவற்றின் பதிவேடுகள் இணையத்தில் எல்லோரும் தேடும்படி இருக்கின்றன. பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே அரசு சோதித்து ஒப்புக்கொண்டது என்று ஆகாது. பெரிய பதிவேடான கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் தளமே இதைச் சொல்லியிருக்கிறது. சோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடமே பெருந்தொகை கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

அம்மாவிடம் எவ்வளவு சொல்வது என்பதை உங்கள் வீட்டில் உட்கார்ந்து நீங்களும் தம்பியும் முடிவு செய்ய முடியாது. அம்மாவிடமே கேளுங்கள்: “அம்மா, டாக்டர் சொல்றதெல்லாம் உங்களுக்கும் சொல்லணுமா, முக்கியமானதை மட்டும் சொன்னால் போதுமா, இல்லை நாங்களே பார்த்துக்கணுமா?” சிலர் எல்லாம் வேண்டும் என்பார்கள், சிலர் நாளை என்ன நடக்கும் என்பது மட்டும் போதும் என்பார்கள். பதில் மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் தேடியதை எல்லாம் அவரிடம் கொட்டுவதும் தவறு, அவர் கேட்கும்போது மழுப்புவதும் தவறு. மறைத்தால் அவர் ரிப்போர்ட்டைத் தானே எடுத்து, தனியாக, உங்களைப் போலவே ராத்திரியில் தேடுவார்.

உங்களுக்குத் தேவையான தகவல் அம்மாவுக்குத் தேவையானதிலிருந்து வேறு. அதைத்தான் பராமரிப்பவர்கள் கேட்க மறக்கிறார்கள், மருத்துவமனையும் தானாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அறுவைக்குப் பிறகு காயத்திலிருந்து நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயில் சேரும் நீரை எப்படி அளப்பது, எந்த அளவுக்குக் குறைந்தால் எடுப்பார்கள்? வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுப்பதா, வருவதற்கு முன்பேயா? (பெரும்பாலும் வருவதற்கு முன்பே, நேரம் தவறாமல்.) கீமோ ஏற்றிய பிறகு ஏறக்குறைய 48 மணி நேரம்வரை சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் மிச்சம் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், கழிப்பறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள், அழுக்கான துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அந்த வேலையை அவரிடம் விடாதீர்கள். சில மருந்துகளுக்கு இந்தக் காலம் இன்னும் நீளும். முதல் கீமோ அன்றே செவிலியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தூக்கமும் உணவும் குலைந்துபோயிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். பராமரிப்பவர்களுக்கென்று ஆலோசகரோ சமூகப் பணியாளரோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். நோயாளியைப் பற்றி மட்டும்தான் கேட்கலாம் என்று எந்த விதியும் இல்லை.

இந்த வாரம் செய்யவேண்டியது கொஞ்சம்தான். பேத்தாலஜி ரிப்போர்ட்டின் முழுப் பிரதியை வாங்குங்கள். காத்திருக்கும் சோதனை ஃபிஷ்தானா, முடிவு எந்தத் தேதியில் வரும் என்று போனில் கேளுங்கள். நான்கு கேள்விகளையும் எழுதி வைத்துவிட்டு, முடிவு வரும் நாளுக்கு அடுத்ததாகவே மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிடுங்கள்.